திரை மின்னுது, பாட்டைக் காணோம்! ஆரப்பாளையத்தில் ஒரு கார் ஸ்டீரியோ பாடம்

மதுரையில் ஊருக்குக் கிளம்புகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா?" என்பதுதான். சென்னை, திருச்சி, நெல்லை, ராமநாதபுரம் என்றால் மாட்டுத்தாவணி. தேனி, கம்பம், திண்டுக்கல், பழனி, கொடைக்கானல், கோவை, திருப்பூர், ஈரோடு என்றால் ஆரப்பாளையம். மேற்கே போகிற மதுரைக்காரர்களுக்கு வாசற்படி, வைகையின் தென்கரையில் இருக்கும் இந்தப் பேட்டைதான்.

விடியற்காலையிலேயே இங்கே சத்தம் ஆரம்பித்துவிடும். "தேனி, தேனி, தேனி" என்று கண்டக்டர் கூவுவது ஒரு பக்கம், டீக்கடை பாய்லரின் புஸ்ஸென்ற மூச்சு இன்னொரு பக்கம். நடுவே தனியார் பேருந்துகளிலிருந்து வழியும் பாட்டு. தேனி, கம்பம் மார்க்கத்தில் போகிற பேருந்தில் இளையராஜா பாட்டு ஒலிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. அவர் 1943-ல் பிறந்த பண்ணைப்புரம் அந்த மேற்குத் திசையில், தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் நல்ல செட் இருந்தால் அதற்கென்றே காத்திருந்து ஏறுகிற ஆட்கள் மதுரைப் பக்கம் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்குச் சத்தம் பழக்கமானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலை, இன்றைய மதுரா கோட்ஸ், பக்கத்தில்தான். கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மைக் செட் இல்லாமல் மதுரையில் நடக்காது. ரேடியோ ரிப்பேர் பார்த்தவர் மைக் செட்டுக்குப் போனார், மைக் செட்டுக்காரரின் தம்பி பஸ்ஸுக்கு செட் மாட்டினார், அவரிடம் தொழில் பழகிய பையன் இன்று காருக்கு மாட்டுகிறார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒலித்தொழில் கைமாறி வந்தது இப்படித்தான்.

சனிக்கிழமை வந்த கார்

ஆரப்பாளையம், காளவாசல் பக்கத்து கார் ஒயரிங் கடை ஒன்றில் ஒரு சனிக்கிழமைக் காலை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. அப்பா, அம்மா, கல்லூரியில் சேரப்போகும் மகள். எட்டு வருடம் ஓடிய காரைச் சேமிப்புப் பணத்தில் வாங்கியிருக்கிறார்கள். ஆன்லைனில் பெரிய தொடுதிரை செட் ஒன்றை வரவழைத்து, தெரிந்த பையனை வைத்து வீட்டு வாசலிலேயே மாட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை மகளைக் கோவையில் விட வேண்டும்.

"தம்பி, ஸ்கிரீன் நல்லா வருது. மேப் வருது. பாட்டும் ஓடுற மாதிரிதான் காட்டுது. ஆனா ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. ஸ்பீக்கர் பூராம் எரிஞ்சு போச்சோ?"

"பாட்டு கிடக்கட்டும் தம்பி," என்கிறார் அம்மா. "ரிவர்ஸ் எடுக்கையில முன்னெல்லாம் பீப் பீப்னு கேக்கும். இப்ப அதுவும் இல்ல. நேத்து சைக்கிள்ல வந்த சின்னப் பையன் மேல ஏத்தப் பாத்தாரு. நாந்தான் கத்துனேன்."

மெக்கானிக் செட்டைத் தொடவில்லை. கதவைத் திறந்து ஸ்பீக்கர் வலையில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார். டிக்கியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடிக்கிறார். டிரைவர் சீட்டுக்குக் கீழே கை விட்டுத் துழாவுகிறார். தட்டையான ஓர் அலுமினியப் பெட்டி கையில் தட்டுப்படுகிறது.

"ஸ்பீக்கர் எரியலண்ணே. இது தூங்குது. எழுப்ப ஆளில்ல, அம்புட்டுத்தான்."

சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

சாதாரண காரில் டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும். செட்டிலிருந்து ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். பழைய செட்டைக் கழற்றிப் புதியதை மாட்டி ஒயரை மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் உயர் ரக மாடல்கள் பலவற்றில் கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து அனுப்புகிறது. 2019-ல் வந்த டாடா ஹேரியரில் ஜேபிஎல், அதே ஆண்டு வந்த கியா செல்டோஸில் போஸ், 2021-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ல் சோனி என்று மேல் வேரியன்ட்களில் ஒலி கம்பெனிகளின் பெயர் ஒட்டியே வருகிறது. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் டேஷ்போர்டு செட்டின் வேலை மெல்லிய சிக்னல் அனுப்புவதோடு சரி. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும் பெட்டி.

அந்தப் பெட்டி எப்போதும் விழித்திருக்காது. விழித்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். செட்டை ஆன் செய்தவுடன் ஒரு தனி ஒயர் வழியாக 12 வோல்ட் போகும். "எழுந்திரு" என்று சொல்கிற அந்த ஒயருக்கு ரிமோட் ஒயர் என்று பெயர். கடைகளில் வாங்கும் செட்டில் அது பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். உசிலம்பட்டிக் காரில் அந்த ஒயரை யாரும் எங்கும் இணைக்கவில்லை. டேப் சுற்றி மூலையில் செருகியிருந்தார்கள். திரை மின்னியும் பாட்டு வராததன் காரணம் இதுதான்.

ரேடியோ ரிப்பேர் பார்த்த பையன்

காரில் பாட்டுக் கேட்கும் ஆசைக்கு ஏறக்குறைய நூறு வயது. அமெரிக்காவில் பால் கால்வின் 1930-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் ரேடியோவுக்கு 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார். பின்னால் அதுவே கம்பெனியின் பெயராகவும் ஆனது. 'மோட்டார்' என்கிற சொல் அதில் இருப்பதற்குக் கார்தான் காரணம்.

ஒரு காருக்கென்றே அளந்து ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வடிவமைத்து, தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பும் வழக்கத்தைப் பெரிதாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். அப்பா வங்காளத்திலிருந்து போனவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அப்பாவின் வியாபாரம் படுத்தபோது, பள்ளி மாணவனான அமர், ரேடியோ ரிப்பேர் பார்த்து வீட்டுக்குப் பணம் கொடுத்தார். பிறகு எம்ஐடியில் பேராசிரியராகி, 1964-ல் போஸ் கம்பெனியைத் தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஒலியமைப்பு 1983 மாடல் காடிலாக் போன்ற கார்களில் வந்தது. 2011-ல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதியை எம்ஐடிக்கே கொடுத்துவிட்டார்.

ஆக, இந்தத் தொழிலின் மிகப்பெரிய பெயரும் ஈயப்புகையில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒரு பையனிடமிருந்துதான் புறப்பட்டது.

கட்டருக்கு முன்னால் மீட்டர்

ஒயரைக் கட்டரால் நறுக்குவதற்கு முன் மீட்டரை எடுக்க வேண்டும். கார் ஒயரிங்கில் பாதிப் பிரச்னைகள் இந்த வரிசை மாறுவதால்தான் வருகின்றன.

செட்டின் பின்னால் வரும் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்கள் என்று நினைக்கும் இரண்டில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட வேண்டும். நேராக ஸ்பீக்கர் என்றால் மூன்று, நான்கு ஓம்ஸ் காட்டும். அந்தப் பக்கம் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் எகிறும். காரில் தனிப் பெட்டி இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதைப் பார்க்காமல், புதிய செட்டின் ஸ்பீக்கர் ஒயர்களை அப்படியே ஆம்ப்ளிஃபயரின் வாய்க்குள் கொடுத்தால் என்ன ஆகும்? மெல்லிய சிக்னலை எதிர்பார்க்கும் இடத்தில் பெருக்கிய சிக்னல் போய் மோதும். சொட்டு நீருக்கு ஏந்திய கையில் தீயணைப்பு வண்டிக் குழாயைத் திருப்பியதுபோல. பாட்டு கரகரக்கும். பாட்டே ஓடாதபோதும் உஸ்ஸென்று இரைச்சல் வரும். ஆன் செய்யும்போது 'டப்' என்று அடிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் அல்ல, அதிலும் மின்சாரம் ஓடுகிறது. அதை எர்த்தோடு சேர்த்துவிட்டால் புதிய செட்டின் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும்.

ஆரப்பாளையத்தில் நின்று இதைச் சொல்லும்போது புட்டுத்தோப்பு நினைவுக்கு வராமல் இருக்காது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளும் இடம் அது. வைகைக் கரை உடைந்தபோது, வந்திக் கிழவிக்காகப் பிட்டு வாங்கித் தின்றுவிட்டு மண் சுமக்க வந்த சிவபெருமானைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது என்பது திருவிளையாடல். காரின் ஒயரிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஓர் இடத்தில் தப்பாகத் தொட்டால் நான்கு கதவிலும் 'டப்' கேட்கும்.

வழிகள் மூன்று

"இப்ப என்ன பண்ணலாம் தம்பி? அந்தப் பெட்டிய எடுத்துப் போட்ருவமா?"

"அவசரப்படாதீங்கண்ணே. கம்பெனிக்காரன் இந்த வண்டிக்குன்னே அளந்து வச்சது. அத வச்சே பாட வப்போம்."

முதல் வழி அதுதான். கம்பெனி ஆம்ப்ளிஃபயரை அப்படியே வைத்துக்கொள்வது. புதிய செட்டின் பின்னால் ஆர்சிஏ எனப்படும் வட்டத் துளைகள் இருக்கும். அவற்றில் வருவது பெருக்காத மெல்லிய சிக்னல். அதை, அந்தக் காருக்கென்று கிடைக்கும் கப்ளர் அடாப்டர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, ரிமோட் ஒயரையும் இணைத்தால் பாட்டு வரும். காரின் ஒயரில் ஒரு வெட்டுக்கூட விழாது. நாளைக்கு விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டியும் கொடுக்கலாம்.

இரண்டாவது வழி, ஆம்ப்ளிஃபயரைத் தாண்டிப் புதிய செட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு நேராக ஒயர் இழுப்பது. கம்பெனி ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போன கார்களில் இது கைகொடுக்கும். ஆனால் முதலில் ஸ்பீக்கரை அளக்க வேண்டும். கம்பெனி ஆம்ப்ளிஃபயரோடு வரும் ஸ்பீக்கர்கள் சில 2 ஓம்ஸ், அதற்கும் குறைவு. சாதாரண செட்கள் 4 ஓம்ஸுக்குச் செய்யப்பட்டவை. மாற்றி இணைத்தால் செட் சூடேறிப் படுத்துவிடும். எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியாவிட்டால், பென்சில் பேட்டரியின் இரு முனையை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொடும் பழைய வித்தை இருக்கிறது. கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ்தான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு ஸ்பீக்கர் மாறிப்போனாலும் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், தாளக்கட்டு கரைந்துபோகும்.

மூன்றாவது, செட், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாற்றுவது. செலவு கூடும். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். அதில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், ஃபியூஸ் போட வேண்டும். ஃபியூஸ் இல்லாத ஒயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் பாட்டோடு நிற்காது, நெருப்பாகிவிடும்.

புதிய கார்கள் சிலவற்றில் இந்த மூன்றும் எடுபடாது. அவற்றில் செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே போவது டிஜிட்டல் தகவல். சிலவற்றில் கண்ணாடி இழை வழியாக ஒளியாகவே போகிறது. அந்த மாடலுக்கென்று தனி இணைப்புக் கருவி கிடைக்காவிட்டால் செட்டை மாற்றாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம். "இந்த வண்டியில வேணாம்ண்ணே" என்று சொல்லி வேலையைத் திருப்பி அனுப்புகிற மெக்கானிக், வாடிக்கையாளரின் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

பாட்டைவிடப் பெரிய சத்தம்

உசிலம்பட்டிக் காரில் முதல் வழி ஒத்துவந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து வேலை தொடங்குகிறது. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்டுப் போகும் ஏர்பேக் ஒயர்களைத் தொடக்கூடாது. முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. அடாப்டர் கப்ளர் வருகிறது. வெட்டுப்பட்ட இடங்களில் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் உறை ஏற்றப்படுகிறது.

நடுவே இன்னொரு தப்பும் வெளியே வந்தது. செட்டின் மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட் வாங்க வேண்டியது, நினைவுக்காக. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வாங்க வேண்டியது. முன்பு மாட்டியவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார்.

"ரெண்டு நாள் வண்டிய எடுக்காம நிறுத்துனா பேட்டரி இறங்குதாண்ணே?"

"ஆமா தம்பி! பேட்டரி பழசுனு புதுசு வாங்கச் சொன்னாங்க."

"வாங்காதீங்க. இந்தச் செவப்பு ஒயர்தான் ராத்திரி பூராம் கரண்ட்டக் குடிச்சிருக்கு."

நீல-வெள்ளை ஒயர் சேர்ந்ததும் ஸ்பீக்கர்கள் பாடின. மகள் முகத்தில் சிரிப்பு. ஆனால் அம்மா கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது.

இந்த மாதிரி கார்களில் ஸ்பீக்கர் வழியாகப் பாட்டு மட்டும் வருவதில்லை. ரிவர்ஸ் சென்சாரின் பீப், சீட் பெல்ட் மணி, இண்டிகேட்டரின் டிக் டிக், போன் பேச்சு என்று எச்சரிக்கைகளும் பழைய செட், ஆம்ப்ளிஃபயர் வழியாக வருவது உண்டு. பழைய செட்டைக் கழற்றும்போது அவையும் சேர்ந்து போய்விடும். சில அடாப்டர்கள் அவற்றைத் திரும்பக் கொண்டுவரும், சில கொண்டுவராது. பாட்டு போனால் உடனே தெரியும். எச்சரிக்கை போனது, தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

உசிலம்பட்டிக் காரில் சீட் பெல்ட் மணியும் இண்டிகேட்டர் சத்தமும் மீட்டர் போர்டிலிருந்தே வந்ததால் தப்பித்தன. ரிவர்ஸ் பீப் மட்டும் திரும்பவில்லை.

"கேமரா இருக்குல்லப்பா, ஸ்கிரீன்ல தெரியுதே," என்கிறாள் மகள்.

"தெரியும்மா. ஆனா அப்பா திரும்பிப் பாத்து ஓட்டிப் பழகுனவரு. அவருக்குக் காதுதான் வேணும்."

தனி பஸ்ஸரோடு வரும் ரிவர்ஸ் சென்சார் ஒன்றைப் போடுவதென்று முடிவாகிறது. திரைக்கு மேல் ஒரு செலவு. அம்மா பேரம் பேசவில்லை.

நாகமலை வரைக்கும்

செட் மாட்டிய காரை வாசலிலேயே ஒப்படைக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆரப்பாளையத்துக்காரர்களுக்கு அதற்கு நல்ல பாதை இருக்கிறது. காளவாசல் சிக்னலைத் தாண்டி, விராட்டிப்பத்து, அச்சம்பத்து வழியாகத் தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை வரை. ஊர் நெரிசல், மேடு பள்ளம், நேர்ச்சாலை மூன்றும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும்.

நெரிசலில் இண்டிகேட்டர் போட்டு அதன் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கலாம். மேடு பள்ளத்தில் டேஷ்போர்டு கடகடத்தால் செட்டின் தாங்கி சரியாக அமரவில்லை என்று பொருள். நேர்ச்சாலையில் பாட்டை நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு ரீங்காரம் ஏறி இறங்குகிறதா என்று கேட்க வேண்டும். ஏறினால் எர்த் சரியில்லை. பெயிண்ட் சுரண்டாத தகரத்தில் எர்த்தைத் திருகினாலும், ஆர்சிஏ ஒயரைப் பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டினாலும் இது வரும்.

ஒரு சாலையோர மரத்தடியில் நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, மகளைக் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நிற்கச் சொல்லி பஸ்ஸரைச் சோதிக்க வேண்டும். மறுநாள் காலை வண்டி ஒரே சாவியில் கிளம்பினால் பேட்டரிக் கணக்கும் நேர்.

பழைய செட்டையும் அதன் திருகுகளையும் துணிப்பையில் கட்டி வீட்டுப் பரணில் வைப்பது நல்லது. வாரன்டியில் இருக்கும் கார் என்றால், வேலை தொடங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அதைவிட நல்லது.

திங்கட்கிழமை காலை கோவைக்குப் போகும் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். அவற்றுக்கு நடுவே அந்தக் காரும் போகும். உள்ளே என்ன பாட்டு என்பது அவர்கள் விருப்பம். பின்னால் யாராவது நின்றால் அந்தச் சின்ன பஸ்ஸர் கத்தும், அது போதும்.